ஓர் உயிருக்கு ஓர் அசை: நீளமான ஆங்கிலச் சொல்லை உடைப்பதும் அழுத்துவதும்

பட்டர்வொர்த்தில் என் வீட்டுக்கு டியூஷன் வரும் படிவம் 5 மாணவி ஒருத்தி போன வாரம் கைப்பேசியை நீட்டிக்கொண்டு வந்து நின்றாள். "டீச்சர், நான் சரியாத்தான் சொல்றேன். இது வேற என்னமோ எழுதுது." அவள் சொன்ன சொல் டெவலப்மென்ட். டெ, வ, லப், மென்ட் என்று நான்கையும் பிசிறில்லாமல் சொன்னாள். நாலுக்கும் ஒரே கனம், முதலில் மட்டும் கொஞ்சம் கூடுதல். பேசினால் எழுதிக்கொள்ளும் அந்த வசதிக்கு அது பிடிபடவில்லை.

எஸ்பிஎம் ஆங்கிலப் பேச்சுத் தேர்வு நெருங்குகிறது என்பதால் அவள் வீட்டில் ஆளுக்கொரு யோசனை சொல்லியிருக்கிறார்கள். அண்ணன் "வேகமா சொல்லு" என்றிருக்கிறான். அத்தை "வெள்ளைக்காரங்க ஸ்லாங் வரணும்" என்றிருக்கிறார். தோழி ஒருத்தி "ஸ்ட்ரெஸ் குடுத்துப் பேசு" என்றாளாம். அதைக் கேட்டு இவள் சொல் முழுவதையும் சத்தமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். மூன்றில் தோழி சொன்னதுதான் சரி. ஆனால் ஸ்ட்ரெஸ், சிலபிள் என்ற சொற்கள் நம் பேச்சில் புழங்கும் அளவுக்கு, அவை எதைக் குறிக்கின்றன என்ற தெளிவு புழங்கவில்லை.

இதைப் புரிந்துகொள்ளக் கனமான ஆங்கில இலக்கண நூல் தேவையில்லை. தமிழ்ப்பள்ளியில் படித்த உயிரும் மெய்யும் கையில் இருந்தால் பாதி வழி வந்தாயிற்று.

அசை: உயிரை எண்ணுங்கள்

தமிழ் எழுத்துகளுக்கு உயிர், மெய் என்று பெயர் வைத்தவர்கள் ஒலியைக் கூர்ந்து கேட்டவர்கள். மெய் தனியாக நடமாடாது, உயிர் சேர்ந்தால்தான் நகரும். ஓர் உயிரொலியும் அதை ஒட்டிக்கொண்டு வரும் மெய்யொலிகளும் சேர்ந்த ஒரு கொத்துதான் அசை. ஆங்கிலத்தில் சிலபிள் என்பது இதைத்தான்.

தமிழில் இதை எண்ணுவது சுலபம். உயிரெழுத்து ஒவ்வொன்றும், உயிர்மெய் ஒவ்வொன்றும் ஓர் அசை. புள்ளி வைத்த எழுத்து தனக்கு முன்னால் இருக்கும் அசையோடு ஒட்டிக்கொள்ளும். பட்டர்வொர்த்: பட்-டர்-வொர்த், மூன்று. கோலாலம்பூர்: கோ-லா-லம்-பூர், நான்கு.

யாப்பிலக்கணம் படித்தவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. அங்கே படித்த நேரசை, நிரையசைக் கணக்கை இங்கே கொண்டுவர வேண்டாம். 'மலர்' என்பது யாப்பில் ஒரே நிரையசை. நாம் இங்கே எண்ணும் முறையில் ம-லர் என்று இரண்டு.

ஆங்கிலத்தில் சிக்கல் தொடங்கும் இடம் எழுத்து. தமிழில் எழுத்தை எண்ணினால் அசை தெரிந்துவிடும், ஆங்கிலத்தில் தெரியாது. பலங்கள் என்ற பொருளில் வரும் 'ஸ்ட்ரெங்த்ஸ்' என்ற சொல்லில் 9 எழுத்துகள். உயிரொலியோ ஒன்றே ஒன்று, ஆகவே ஓர் அசை. 'ஏரியா'வில் 4 எழுத்துகள்தான், ஆனால் ஏ-ரி-ய என்று மூன்று அசை. எனவே எழுத்தைப் பார்க்காதீர்கள், காதால் எண்ணுங்கள். மோவாய்க்கு அடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு சொல்லை மெதுவாகச் சொன்னால், பெரும்பாலும் ஒவ்வோர் உயிருக்கும் தாடை ஒரு முறை கீழே இறங்கும். சிறு பிள்ளைகளுக்கு நான் இப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

நாம் கூட்டுவதும் குறைக்காததும்

தமிழில் ஒரு சொல் க், ச், ட், த், ப், ற் என்ற வல்லின மெய்யில் முடிவதில்லை. சொல்லின் தொடக்கத்தில் இரண்டு மெய்கள் ஒட்டி வருவதும் தமிழ் மரபில் இல்லை. அந்தப் பழக்கம் நாக்கில் ஊறியிருப்பதால் ஆங்கிலச் சொற்களுக்கு நாம் உயிர் கொடுத்துவிடுகிறோம். ஒரே அசையான 'புக்' நம்மிடம் புக்கு ஆகிறது. பஸ், பஸ்ஸு ஆகிறது. ஸ்கூல் இஸ்கூல் ஆகிறது. வீட்டுத் தமிழில் இதெல்லாம் முற்றிலும் இயல்பு, யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. ஆங்கில வாக்கியத்துக்குள் வரும்போதுதான் எண்ணிக்கை மாறிக் கேட்பவரைத் தடுமாற வைக்கும்.

இறந்தகால வினைகளைப் பாருங்கள். நடந்தான் என்ற பொருளில் வரும் 'வாக்ட்' ஓர் அசை. அதை வாக்-கட் என்று இரண்டாக்கும் மாணவர்கள் நிறைய. விரும்பினான் என்ற 'வான்டட்' உண்மையிலேயே இரண்டு. விதி சின்னது: வினைச்சொல் ஆங்கில t அல்லது d ஒலியில் முடிந்தால் மட்டும் இறந்தகாலத்தில் ஓர் அசை கூடும். மற்ற வினைகளில் கூடாது.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஆங்கிலேயர்கள் விழுங்கிவிடும் உயிர்களை எழுத்தில் இருக்கிறதே என்று நாம் விடாமல் ஒலிக்கிறோம். கம்-ஃபோர்-டே-பிள் என்று நாம் நான்காகச் சொல்வதை அவர்கள் பெரும்பாலும் கம்ஃப்-ட-பல் என்று மூன்றில் முடிக்கிறார்கள். வெ-ஜி-டே-பிள் நமக்கு நான்கு, அங்கே வெஜ்-ட-பல். சாக்லெட் இரண்டு, புதன்கிழமைக்கான சொல்லும் இரண்டே.

இதுவரை பார்த்தது: அசை என்றால் ஓர் உயிரொலியைச் சுற்றிய கொத்து. ஆங்கிலத்தில் அதை எழுத்தால் எண்ண முடியாது. சொல்லின் முன்னும் பின்னும் நாமாக உயிர் சேர்க்கிறோமா என்று கவனிக்க வேண்டும்.

வெட்டும் இடம்

எந்த மெய் எந்த அசைக்குச் சொந்தம் என்பதில் அகராதிகளே ஒன்றுக்கொன்று வேறுபடும். தொடக்கத்தில் அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். எத்தனை அசை என்பதும் எது கனமான அசை என்பதும் சரியாக இருந்தால் போதும், எல்லைக்கோடு ஒரு மெய் முன்னே பின்னே போனாலும் யாருக்கும் குழப்பம் வராது.

நீளமான சொல்லைக் கண்டதும் முதலில் அதன் ஒட்டுகளைக் கழற்றுங்கள். தவறான புரிதல் என்ற பொருளில் வரும் 'மிஸ்அன்டர்ஸ்டேன்டிங்' பார்க்கப் பயமுறுத்தும். முன்னால் இருக்கும் 'மிஸ்' ஓர் ஒட்டு, பின்னால் இருக்கும் 'இங்' ஓர் ஒட்டு. நடுவில் நிற்பது நமக்கு நன்றாகத் தெரிந்த 'அன்டர்ஸ்டேன்ட்'. ஐந்து அசைகளும் தாமாகப் பிரிந்து நிற்கும். தமிழில் பகுதி, விகுதி பிரித்துப் பழகியவர்களுக்கு இது புது வேலை இல்லை.

அழுத்தம் என்றால் சத்தம் மட்டுமா?

ஒன்றுக்கு மேற்பட்ட அசை உள்ள ஆங்கிலச் சொல் ஒவ்வொன்றிலும் ஓர் அசை மற்றவற்றைவிட எடுப்பாக நிற்கும். அந்த எடுப்புக்குத்தான் அழுத்தம் என்று பெயர். ஸ்ட்ரெஸ் என்பது அதுவே. இங்கே அழுத்தம் விழும் அசைக்கு முன்னால் ˈ என்ற சிறு கோட்டைப் போடுகிறேன். நல்ல அகராதிகள் பலவற்றிலும் உச்சரிப்புப் பகுதியில் இதே கோடு இதே இடத்தில் நிற்கும்.

கோயில் பஜனையில் ஆதி தாளம் போட்டிருப்பீர்கள். எட்டு எண்ணிக்கையில் முதலாவது, ஐந்தாவது, ஏழாவது தட்டு. மற்றவை விரல் எண்ணிக்கையும் வீச்சும். எட்டுமே தாளத்தில் உண்டு, ஆனால் எட்டையும் தட்டினால் கேட்பவருக்குத் தாளத்தின் தலை எங்கே, வால் எங்கே என்று தெரியாது. டெ, வ, லப், மென்ட் என்று நான்கையும் தட்டியதுதான் என் மாணவி செய்தது. ஆங்கிலம் கேட்டுப் பழகிய காது அந்தச் சொல்லில் ஒரே ஒரு தட்டை, அதுவும் இரண்டாவது இடத்தில் எதிர்பார்க்கிறது: டி-ˈவெ-லப்-மன்ட்.

தாள ஒப்புமை ஓரிடத்தில் நின்றுவிடும். தாளத்தில் எண்ணிக்கைகளுக்கு இடையே காலம் சமம். ஆங்கில அசைகளுக்கு அப்படி இல்லை. அழுத்தம் பெற்ற அசை நீளும், குரல் பெரும்பாலும் சற்று மேலே ஏறும், ஒலி கொஞ்சம் உரக்கும், உயிர் தெளிவாகக் கேட்கும். நீளம், சுருதி, உரப்பு, தெளிவு என்ற இந்த நான்கில் நம் ஆட்கள் பிடித்துக்கொண்டது உரப்பை மட்டும். அதனால்தான் 'அழுத்திப் பேசு' என்றால் கத்துகிறார்கள். கத்தாமலே, ரகசியம் பேசும் குரலில்கூட அழுத்தத்தைக் காட்டலாம். அசையை நீட்டினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

நீட்டத்தான் நமக்குத் தயக்கம். காரணமும் தமிழிலேயே இருக்கிறது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. படத்தை நீட்டினால் பாடம், கல்லை நீட்டினால் கால். நீளம் மாறினால் பொருளே மாறிவிடும் மொழியில் வளர்ந்தவர்கள் உயிரை இஷ்டத்துக்கு நீட்டவோ சுருக்கவோ அஞ்சுவார்கள். எழுத்துக்கு உரிய மாத்திரையைக் கொடுப்பது நமக்கு மரியாதை மாதிரி. என் மாணவி திருத்தமாகப் பேச முயன்றதால்தான் அந்தச் சொல் சமனாக வந்தது. அவளிடம் அக்கறைக் குறைவு துளியும் இல்லை.

மலாயும் நம்மை இதே பக்கம்தான் இழுக்கிறது. மலாயில் அழுத்தம் மிக மெல்லியது, சொல்லின் பொருளை அது மாற்றுவதில்லை. பள்ளியில் மலாய், வீட்டில் தமிழ் என்று இரண்டு சமநடை மொழிகளுக்கு நடுவே வளரும் பிள்ளை ஆங்கிலத்தையும் சமநடையில் பேசுவதில் வியப்பில்லை. மலேசிய ஆங்கிலத்தின் சாயலே அதுதான். நண்பர்களோடு மாமாக் கடையில் பேச அது தாராளமாகப் போதும், அழகும்கூட. வெளிநாட்டவரோடு தொலைபேசியில் பேசும்போதும், நேர்முகத் தேர்விலும் அந்த இன்னொரு நடை கைவசம் இருப்பது நல்லது என்பதே என் எண்ணம்.

சுருக்கமாக: ஒரு சொல்லுக்கு ஒரு தலையாய தட்டு. அந்த அசை நீளும், உயரும், உரக்கும், தெளியும். மிக நீண்ட சொற்களில் இரண்டாவதாக ஒரு சிறு தட்டும் இருக்கலாம். அகராதி அதற்குக் கோட்டைக் கீழே போடும்.

மங்கிப்போகும் உயிர்

அழுத்தத்தைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் பகுதி இது. என் அனுபவத்தில் இதுதான் திறவுகோல். ஓர் அசை எடுப்பாகத் தெரிய வேண்டுமானால் பக்கத்து அசைகள் அடங்க வேண்டும். ஆங்கிலத்தில் அழுத்தம் இல்லாத அசைகளில் பலவற்றின் உயிர் தன் நிறத்தை இழந்து, 'அ'வுக்கும் 'எ'வுக்கும் நடுவில் வாயை லேசாகத் திறந்தபடி எழும் ஒரு மங்கல் ஒலியாகிவிடும். அதன் பெயர் ஷ்வா. ஆங்கிலப் பேச்சில் மிக அதிகமாக வரும் உயிரொலி இதுதான். ஆனால் அதற்கென்று ஆங்கிலத்தில் தனி எழுத்து கிடையாது.

தமிழில் இந்த ஒலிக்கு எழுத்து இல்லை என்றாலும் மலேசியத் தமிழருக்கு இது வாய்க்கு வந்த ஒலி. மலாய்ப் பாடத்தில் 'எ பெபெட்', 'எ தாலிங்' என்று இரண்டு சொல்லிக்கொடுத்தார்களே, அதில் பெபெட்தான் ஷ்வா. காருக்கான மலாய்ச் சொல் கெரேத்தாவைச் சொல்லிப் பாருங்கள். முதல் 'கெ' மங்கல், அடுத்த 'ரே' தெளிவு. ஒரே ஆங்கில எழுத்து, ஒரே சொல், இரண்டு ஒலி. சாப்பாடு நன்றாக இருக்கிறது என்று சொல்லும் 'செடாப்'பின் முதல் உயிரும் மங்கல்தான். இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். 'என்ன' என்று கேட்கும் மலாய் 'அப்பா'வின் கடைசி உயிர் கோலாலம்பூர்ப் பேச்சில் மங்கிவிடும், எங்கள் பினாங்குப் பக்கம் முழு 'ஆ'வாகவே நிற்கும். கோலாலம்பூர் ஒலியைக் காதில் ஏற்றிக்கொண்டால் ஷ்வா வந்துவிட்டது.

உயிர் குறுகுவது தமிழ் இலக்கணத்துக்கும் புதிதில்லை. பாட்டு, காசு, நாடு என்று சொல்லும்போது கடைசி 'உ' முழு மாத்திரை பெறாமல் அரை மாத்திரையாகக் குறுகும். அதற்குக் குற்றியலுகரம் என்று பெயரிட்டுத் தொல்காப்பியமே பேசுகிறது. இதழைக் குவிக்காமல் நாம் சொல்லும் அந்த உகரத்தை வெளியூர்க்காரர் ஒருவர் முழுசாக 'பாட்டூ' என்று சொன்னால் நம் காதில் எப்படி விழும்? நாம் ஆங்கிலத்தின் மங்கல் உயிர்களை முழுசாகச் சொல்லும்போது அவர்கள் காதிலும் அப்படித்தான் விழுகிறது.

வாழைப்பழத்துக்கான ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொள்வோம். ஒரே உயிரெழுத்து மூன்று முறை. நாம் பனானா என்போம். அவர்கள் ப-ˈனா-ன என்பார்கள். முதலும் கடைசியும் மங்கல், நடுவில் மட்டும் முழு உயிர். நம் நாட்டின் பெயரையே பாருங்கள். தமிழில் ம-லே-சி-யா, நான்கு. மலாயிலும் நான்கு. ஆங்கிலத்தில் ம-ˈலே-ஸி-ய, அல்லது இன்னும் சுருங்கி மூன்றசையில் ம-ˈலே-ஷ. பினாங்கு நமக்குக் குற்றியலுகரத்தோடு மூன்றசை. ஆங்கிலத்தில் இரண்டு, தட்டு விழுவது இரண்டாவதில்.

ஆகவே அழுத்தம் பழக விரும்புபவர்களுக்கு நான் முதலில் சொல்வது, கனமாக்குவதை விட்டுவிட்டு மற்ற அசைகளை மங்கவிடப் பழகுங்கள் என்பதே. மங்க வேண்டியவை மங்கினால் தலை அசை தானாக எழுந்து நிற்கும்.

எந்த அசையில் தட்டுவது?

எல்லாச் சொல்லுக்கும் பொருந்தும் ஒரே விதி ஆங்கிலத்தில் இல்லை. நீளமான சொற்களைப் பொறுத்தவரை மட்டும் ஓர் ஆறுதல் உண்டு: சொல்லின் வால் நிறையக் காட்டிக்கொடுக்கும்.

'ஷன்' என்று முடிந்தால் அதற்கு முந்தைய அசையில் தட்டு. க-மியூ-னி-ˈகே-ஷன். வால் இல்லாத வினைச்சொல்லில் அது க-ˈமியூ-னி-கேட். வால் ஒட்டியதும் அழுத்தம் இடம் மாறிவிட்டதைப் பாருங்கள். 'இக்' என்று முடிந்தாலும் முந்தைய அசைதான். 'இட்டி'க்கும் அப்படியே, அந்த ஒட்டுக்கு உடனே முன்னால் உள்ள அசை: யூ-னி-ˈவர்-ஸ-டி. 'ஆலஜி' என்று முடியும் துறைப் பெயர்களில் அந்த 'ஆ'விலேயே விழும்: பை-ˈயா-ல-ஜி, டெக்-ˈநா-ல-ஜி.

ஒரே குடும்பத்தைச் சேர்த்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். மின்சாரம் சார்ந்த இ-ˈலெக்-ட்ரிக், மின்சாரத்தையே குறிக்கும் இ-லெக்-ˈட்ரி-ஸ-டி, வயரிங் பார்க்க வருகிறவரைக் குறிக்கும் இ-லெக்-ˈட்ரி-ஷன். மலாய் நாளேடுகளில் தினமும் பார்க்கும் 'எகோனோமி' மலாயில் நான்கும் சமம். ஆங்கிலத்தில் பொருளாதாரம் இ-ˈகா-ன-மி. பொருளாதாரம் சார்ந்த என்று ஆகும்போது ஈ-க-ˈநா-மிக். முதல் சொல்லில் மங்கிக் கிடந்த உயிர் இரண்டாவதில் எழுந்து நிற்கிறது, நின்றது மங்கிவிடுகிறது. மலாய் எழுத்துக்கூட்டலை நினைவில் வைத்துக்கொண்டு ஆங்கிலச் சொல்லைப் பேசினால் இந்த ஆட்டம் முழுக்கத் தவறிப்போகும்.

விலக்குகளும் உண்டு. அரசியலுக்கான ˈபா-லி-டிக்ஸ் 'இக்' விதியை மீறி முதலிலேயே தட்டும். அரபுமொழியைக் குறிக்கும் ˈஆ-ர-பிக் சொல்லும் அப்படியே. இவற்றைத் தனியாக மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

சில வால்கள் எதையும் அசைக்காது. 'மென்ட்', 'நெஸ்', 'ஃபுல்', 'லி', 'இங்' போன்றவை ஒட்டினாலும் மூலச்சொல்லின் தட்டு இருந்த இடத்திலேயே இருக்கும். டி-ˈவெ-லப் என்பதோடு 'மென்ட்' சேர்ந்தால் டி-ˈவெ-லப்-மன்ட், அவ்வளவுதான். சில வால்கள் தட்டைத் தங்கள் மேலேயே இழுத்துக்கொள்ளும். நாம் இன்ஜினியர் என்று முன்னால் கனம் வைத்துச் சொல்வது அங்கே என்-ஜி-ˈநியர். தன்னார்வலரும் அப்படியே, வா-லன்-ˈடியர்.

இரண்டசைச் சொற்களில் ஒரு தனி வகை உண்டு. எழுத்து ஒன்றே, பெயர்ச்சொல்லாக வந்தால் முதலில் தட்டு, வினையாக வந்தால் இரண்டாவதில். வேலை செய்ய வாங்கும் அனுமதிச் சீட்டு ˈபர்-மிட். அனுமதிப்பது பர்-ˈமிட். பதிவேடு ˈரெ-கார்ட், பதிவு செய்வது ரி-ˈகார்ட். எல்லா இரண்டசைச் சொற்களும் இப்படி மாறுவதில்லை. ரி-ˈபோர்ட் பெயரானாலும் வினையானாலும் இரண்டாவதிலேயே நிற்கும்.

சந்தேகம் வந்தால் அகராதியில் ˈ எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ஒரு குழப்பத்தை மட்டும் தவிர்க்க வேண்டும். சில அகராதிகள் தலைச்சொல்லின் நடுவே புள்ளிகள் வைத்திருக்கும். அவை வரி முடிவில் சொல்லை எங்கே உடைத்து எழுதலாம் என்று காட்டுபவை. அசைக்கும் அழுத்தத்துக்கும் அடுத்துவரும் உச்சரிப்புப் பகுதியைத்தான் பார்க்க வேண்டும்.

வாலிலிருந்து தலைக்கு

நீண்ட சொல்லை முன்னாலிருந்து படித்தால் நடுவழியில் மூச்சு முட்டி, கடைசி அசைகள் நசுங்கும். பின்னாலிருந்து கட்டிக்கொண்டு போனால் அப்படி ஆவதில்லை, ஏனென்றால் ஒவ்வொரு முறையும் நன்கு தெரிந்த பகுதியில் வந்து முடிகிறீர்கள். பொறுப்பு என்ற பொருளில் வரும் ஆறசைச் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். டி. ல-டி. ˈபி-ல-டி. இங்கே தட்டு வந்துவிட்டது, இதையே இரண்டு மூன்று முறை சொல்லி ஊன்றிக்கொள்ளலாம். பிறகு ஸ-ˈபி-ல-டி. ஸ்பான்-ஸ-ˈபி-ல-டி. ரி-ஸ்பான்-ஸ-ˈபி-ல-டி. தட்டு விழும் அசையில் மேசையை ஒரு விரலால் தட்டிக்கொண்டே சொன்னால் இன்னும் நல்லது. ஒரு நாளைக்கு மூன்று சொல் போதும்.

அன்று என் மாணவியும் அப்படித்தான் தொடங்கினாள். மன்ட். லப்-மன்ட். ˈவெ-லப்-மன்ட். டி-ˈவெ-லப்-மன்ட். நான்காவது முறைதான் அந்தக் கடைசி 'மென்ட்' உண்மையில் மங்கியது. அதுவரை அதன் மேல் அவளுக்கு அப்படியொரு பிடிவாதம். பிறகு புத்தகத்தைப் புரட்டி, வாய்ப்பு என்ற பொருள்கொண்ட ஐந்தசைச் சொல் ஒன்றைக் காட்டினாள். நான் வாயைத் திறப்பதற்குள் கையால் தடுத்தாள். "இருங்க டீச்சர், வால் இட்டி. அப்படின்னா அதுக்கு முன்னாடி." விரலால் மேசையை ஒரு தட்டுத் தட்டினாள். "ஆ-ப-ˈட்யூ-ந-டி."